வினைக்கு முன்னே ஓடும் சொற்கள்

"பஸ் லேசில..." என்று ஒருவர் வாயெடுத்தவுடன் யாழ்ப்பாணத்தார் எவருக்கும் மிச்சம் விளங்கிவிடும். வராது. "லேசு" என்றால் எளிது என்றுதான் பொருள். ஆனாலும் "பஸ் லேசில வரும்" என்று நெல்லியடியிலும் சொல்லமாட்டார்கள், சங்கானையிலும் சொல்லமாட்டார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதே, இன்னும் பிறக்காத வினைச்சொல் எதிர்மறையாகத்தான் முடியும் என்ற சேதி வந்து சேர்ந்துவிடுகிறது.

இதே வாக்கியத்தை யப்பானிய மொழியில் சொல்லிப் பாருங்கள்: "பஸு க நக்கநக்க கொனை." "பஸு" நம்முடைய பஸ்தான். "க" எழுவாயைக் காட்டும் ஒட்டு. "கொனை" என்றால் வராது. நடுவில் நிற்கும் "நக்கநக்க" அச்சொட்டாக நம்முடைய "லேசில". இது வந்தால், கேட்பவர் ஓர் எதிர்மறைக்குத் தயாராகிவிடுவார். தோக்கியோவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரும் பருத்தித்துறையில் காத்திருப்பவரும் தங்கள் சலிப்பை ஒரே வரிசையில், ஒரே இடத்தில், ஒரே வகைச் சொல்லால் வெளியிடுகிறார்கள்.

எவ்வளவு, எத்தனை தடவை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தரும் இந்தச் சிறு சொற்களை இலக்கணம் வினையடை என்ற பெரிய குடும்பத்தில் சேர்க்கும். "மிக", "கொஞ்சம்", "அவ்வளவா" போன்றவை அளவு வினையடைகள். "எப்பவும்", "இடைக்கிடை", "ஒருக்காலும்" போன்றவை தடவை வினையடைகள். யப்பானியம் படிக்கத் தொடங்குபவருக்கு இவை முதல் சில வாரங்களிலேயே எதிர்ப்படும். உலகெங்கும் வகுப்புகளில் பயன்படும் "மின்ன நோ நிஹொங்கோ" பாடநூலில் எட்டாம், ஒன்பதாம் பாடங்களிலேயே ஒரு கொத்து வந்துவிடுகிறது. 2019 ஜூனில் இலங்கையும் யப்பானும் குறித்த திறன் கொண்ட தொழிலாளர் தொடர்பான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு, முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்காக யப்பானியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் பரீட்சைப் புள்ளியைத் தாண்டிய விசயமாகிவிட்டன. ஒரு முதியவர் "கொஞ்சம் நோகுது" என்றாரா, "கடுமையா நோகுது" என்றாரா என்பதில்தான் அன்றைய வேலையே தங்கியிருக்கும்.

வழக்கமாக இவற்றை ஒரு பட்டியலாக்கி, பக்கத்தில் ஆங்கிலப் பொருளை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். அது பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசுபவர் வாயில் இந்தச் சொற்களை இயக்கும் பொறி ஏற்கெனவே முழுதாகப் பூட்டப்பட்டு இருக்கிறது. ஆங்கிலத்தின் வழியே சுற்றிப் போனால் அது கண்ணிலேயே படாது.

முதலில் தடவைகளைப் பார்ப்போம். நல்லூர்த் திருவிழா 25 நாள். இருபத்தைந்து நாளும் போனவர் "இட்சுமோ" போனவர். ஓரிரு நாள் தவறி, மற்ற நாளெல்லாம் போனவர் "தைத்தே" போனவர். பாதிக்கு மேல் என்றால் "யொக்கு". ஏழெட்டு நாள் என்றால் "தொக்கிதொக்கி". இரண்டு மூன்று நாள் எட்டிப் பார்த்தவருக்கு "தமனி". இந்த எண்கள் மதிப்புத்தான். பாடநூல்கள் இப்படி ஏணி வரைந்து காட்டினாலும் எந்தப் படி எத்தனை சதவீதம் என்று எந்த மொழியும் சட்டம் போட்டு வைக்கவில்லை. மாதம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைப் பற்றி "அடிக்கடி போறார்" என்று கவலைப்படுகிறோம். அதே ஆள் மாதம் இரண்டு தரம் மட்டும் குளித்தால் "அடிக்கடி குளிக்கிறார்" என்போமா? எண்ணிக்கை ஒன்றுதான். அந்தச் செயல் சாதாரணமாக எத்தனை தரம் நடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை மனம் நொடியில் கணக்குப் பார்த்து, அதற்கு மேலா கீழா என்று நிறுத்துப் பார்த்த பிறகே சொல் வெளியே வருகிறது. யோசிக்காமலே நாம் செய்கிற கணக்கு இது.

"யொக்கு" என்ற படியில் கொஞ்சம் நிற்க வேண்டும். நல்லது என்று பொருள்படும் "யொய்" என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. "யொக்கு வகரிமஸ்" என்றால் நல்லாய் விளங்குது. "யொக்கு கிமஸ்" என்றால் அடிக்கடி வருவார். தரத்தைச் சொன்ன சொல் தடவையையும் சொல்லப் பழகிவிட்டது. நம் "நல்லா" வேறு திசையில் நகர்ந்தது. "மழையில நல்லா நனைஞ்சிட்டான்" என்றால் நனைந்தது நல்லது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தரம் என்ற ஒரே வாசலிலிருந்து புறப்பட்டு, ஒரு மொழி தடவைக்கும் மற்றது அளவுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இனி ஏணியின் கீழ்ப் பாதி. "தமனி"க்குக் கீழே இறங்கியதும் விதி மாறுகிறது. "அமரி", "மெத்தனி", "ஸென்ஸென்" என்று அடுத்தடுத்த சொற்கள் வருகின்றன. இவற்றில் எதுவும் தனியே நின்று "குறைவு" என்றோ "இல்லை" என்றோ சொல்லாது. வினை எதிர்மறையாக முடிந்தால்தான் பொருள் நிறைவாகும். "அமரி தபெமஸென்" என்றால் பெரிசாச் சாப்பிடுறேல்லை. "மெத்தனி தபெமஸென்" என்றால் சாப்பிடுவது மிக அருமை. "ஸென்ஸென் தபெமஸென்" என்றால் துப்புரவாச் சாப்பிடுறேல்லை. கடைசியில் நிற்கும் "மஸென்" தான் எதிர்மறை. முன்னால் நிற்கும் சொல் அந்த எதிர்மறை எவ்வளவு ஆழம் என்று அளந்து தருகிறது.

ஆங்கிலத்தின் வழியே படிப்பவர் அநேகமாக இங்கேதான் சறுக்குவார். ஆங்கிலத்தில் "நெவர்" என்ற ஒரு சொல்லே எதிர்மறையையும் தன் வயிற்றில் சுமந்துவிடும், அதற்குப் பிறகு வினையில் இன்னொரு "இல்லை" தேவைப்படாது. அந்தப் பழக்கத்தில் "ஸென்ஸென்" போட்டுவிட்டு வினையை உடன்பாட்டிலேயே விட்டுவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை. "நான் ஒருக்காலும் போவன்" என்று யாழ்ப்பாணத்தில் எந்தக் குழந்தையும் சொன்னதில்லை. மொழியியலாளர் இப்படிப்பட்ட சொற்களை எதிர்மறை நாடும் சொற்கள் என்ற வகையில் வைப்பார்கள். எதிர்மறையின் நிழலில் மட்டும் வாழும் சொற்கள் அவை. நம்மிடம் அவை குவிந்து கிடக்கின்றன: ஒருக்காலும், கொஞ்சமும், எள்ளளவும், லேசில.

இப்போது ஒரு சொல்லைக் கழற்றிப் பார்க்கலாம். "ஒருக்காலும்" என்பதில் மூன்று துண்டு உண்டு. ஒரு, கால், உம். "ஒருக்கா வாங்கோ" என்னும்போது வருகிற அதே கால்தான், தடவை என்று பொருள். யப்பானியத்தில் இதற்குச் சமமான சொல் "இச்சிதோமோ". அதையும் கழற்றினால் மூன்று துண்டு. "இச்சி" என்றால் ஒன்று. "தோ" என்றால் தடவை. "மோ" என்றால் உம். துண்டுக்குத் துண்டு, வரிசைக்கு வரிசை பொருந்துகிறது. "கொஞ்சமும்" என்பதும் அப்படியே: "சுக்கோஷி" கொஞ்சம், "சுக்கோஷிமோ" கொஞ்சமும். இரண்டு மொழியிலும் அந்த ஒட்டு வந்து ஏறியவுடன் சொல் எதிர்மறைக்கு ஏங்கத் தொடங்கிவிடும்.

காரணம் அழகான தர்க்கம். "உம்" என்பது "அது கூட" என்று சேர்க்கும் ஒட்டு. ஏணியின் மிகச் சிறிய படியை எடுத்து, அது கூட நடக்கவில்லை என்று சொன்னால், அதைவிடப் பெரிய படிகள் எல்லாம் தாமாகவே அடிபட்டுப் போகும். ஒரு தடவை கூட இல்லை என்றால் இரண்டு தடவைக்கும் இருபது தடவைக்கும் இடமே இல்லை. ஒரு சின்ன ஒட்டை வைத்து ஏணி முழுவதையும் ஒரே தள்ளில் விழுத்துகிறோம்.

அதே ஒட்டைக் கேள்விச் சொல்லின் மேல் வைத்தால் இன்னொரு வித்தை நடக்கும். "எப்போது" என்பதோடு "உம்" சேர்ந்தால் "எப்போதும்". யப்பானியத்தில் "இட்சு" என்றால் எப்போது. அதோடு "மோ" சேர்ந்தால், ஏணியின் உச்சிப்படியில் நாம் பார்த்த "இட்சுமோ". எப்பவும் என்று பொருள். கேள்விச் சொல் ஒரு காலியிடம். எந்த நேரத்தை அதில் போட்டாலும் பொருந்தும் என்று "உம்" உறுதி கொடுக்கிறது. "இட்சு"வோடு கேள்வி ஒட்டான "க" (எழுவாயைக் காட்டிய "க" அல்ல) சேர்ந்தால் "இட்சுக", எப்பவோ ஒரு நாள். நாம் "ஓ" போடும் இடத்தில் அவர்கள் "க" போடுகிறார்கள். இந்த இரண்டு ஒட்டும் சில கேள்விச் சொற்களும் தெரிந்தால், பட்டியலில் பத்து வரி படிக்கும் வேலை மிச்சம்.

இந்தப் பொருத்தத்தைப் பார்த்து வியந்த முதல் ஆள் நாமல்ல. ஓனோ சுசுமு என்ற யப்பானிய மொழியறிஞர், 1919இல் பிறந்தவர், பழைய யப்பானியச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தவர், தன் வாழ்வின் பிற்பகுதியைத் தமிழோடு கழித்தார். தோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் அவரோடு சேர்ந்து இந்த ஆய்வில் உழைத்தவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும். மனோன்மணி சண்முகதாஸ் பழைய யப்பானியத் தொகையான "மன்யோஷு"வின் பாடல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, சங்க அகப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதினார். ஓனோ சுமார் 500 சொல் இணைகளை எடுத்துக் காட்டினார். ஒட்டுகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். 2008இல் இறக்கும்வரை அவர் இந்தக் கருத்தைக் கைவிடவில்லை. தொடக்கத்தில் இரண்டும் ஒரே தாய் வயிற்று மொழிகள் என்றவர், பிற்காலத்தில் நெல்லும் இரும்பும் நெசவும் தென்னிந்தியாவிலிருந்து போனபோது மொழியும் கலந்தது என்ற நிலைக்கு வந்தார்.

பெரும்பாலான மொழியியலாளர் இதை ஏற்கவில்லை. அவர்கள் தயங்குவதற்கான காரணத்தை நம் ஏணியிலேயே காட்டலாம். "மெத்தனி" என்ற சொல்லைக் கேட்டதும் நம் "மெத்த" நினைவுக்கு வரும். "மெத்தப் பெரிய உபகாரம்" என்கிறோமே, அந்த மெத்த. ஒலி ஒட்டி வருவதால் உறவு என்று துள்ளத் தோன்றும். யப்பானிய "மெத்த"வின் பழைய பொருளோ யோசனையில்லாமல், கண்மூடித்தனமாய் என்பது. ஆயிரக்கணக்கான சொற்களைக் கொண்ட இரண்டு மொழிகளைப் பக்கத்தில் வைத்தால் இப்படிப்பட்ட தற்செயல்கள் கட்டாயம் கிடைக்கும். சரி, ஒட்டு பொருந்துகிறதே என்றால், கொரிய மொழியிலும் "ஹன்பொன்தோ" என்று ஒன்று, தடவை, உம் என அதே மூன்று துண்டும் அதே வரிசையில் உண்டு. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். சிங்களத்தின் "கவதாவத்" எப்போது என்ற கேள்விச் சொல்லில் பிறந்து, "நே" என்ற எதிர்மறையோடு முடிகிறது. சிங்களம் வட இந்திய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. வினையைக் கடைசியில் வைத்து, ஒட்டுகளைச் சொல்லின் பின்னால் பூட்டும் மொழிகள், ஒன்றையொன்று பாராமலே ஒரே தீர்வுக்கு வந்து சேர முடியும். எனக்கு இது உறவைவிடப் பெரிய வியப்பு. உறவு என்றால் ஒரு மூதாதை கண்டுபிடித்ததைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உறவே இல்லை என்றால், மனித மனம் அதே நுட்பத்தைத் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது.

பொறி நிலையானது போலத் தோன்றினாலும் சொற்கள் அதற்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இன்று யப்பானியம் படிப்பவர் முதல் மாதத்திலேயே கற்கும் சொல் "தொத்தெமோ", மிகவும் என்று பொருள். நம் "சரியான வெயில்" அவர்களுக்கு "தொத்தெமோ" வெயில். ஆனால் சுமார் நூறு ஆண்டுக்கு முன் வரை தோக்கியோவில் "தொத்தெமோ"வும் எதிர்மறை நாடும் சொல்லாகத்தான் இருந்தது. எப்படியும் முடியாது, எந்த வழியிலும் ஆகாது என்ற வாக்கியங்களில்தான் வரும். எழுத்தாளர் அக்குதகவா ரியூனொசுகே 1920களில் இதைக் கவனித்துக் குறிப்பு எழுதினார். "தொத்தெமோ குளிர்" என்று உடன்பாட்டில் சொல்வது சில ஆண்டுகளுக்குள் பரவிய புதுப் பழக்கம் என்றும், அது மிகவா என்ற மாகாணத்துப் பேச்சாக இருக்கலாம் என்றும் கருதினார். அன்று காதை உறுத்திய அந்த வழக்குத்தான் இன்று பாடநூலின் எட்டாம் பாடம்.

"ஸென்ஸென்" எதிர்த்திசையில் பயணப்பட்டது. அதன் சீன எழுத்துகளின் பொருள் முழுவதும் என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது உடன்பாட்டிலும் தாராளமாக வந்தது. நத்சுமே சோசெக்கி 1906இல் எழுதிய "பொத்ச்சான்" நாவலிலேயே அப்படி ஒரு இடம் உண்டு. பிறகு அது எதிர்மறையோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று மக்களும் நம்பத் தொடங்கினார்கள். இப்போது இளைஞர்கள் "ஸென்ஸென் சரி, ஒரு பிரச்சினையும் இல்லை" என்று உடன்பாட்டில் பேசும்போது, பெரியவர்கள் மொழி கெட்டுப்போகிறது என்று வருந்துகிறார்கள். தாத்தாவின் தாத்தா பேசியதைத்தான் பேரன் திரும்பப் பேசுகிறான்.

நம் "துப்புரவா" இதே பாதையின் நடுவில் நிற்கிறது. சுத்தம் என்ற பொருளிலிருந்து முற்றாக என்ற பொருளுக்கு வந்தது. "காசு துப்புரவா முடிஞ்சுது" என்று உடன்பாட்டிலும் சொல்லலாம், "துப்புரவா விளங்கேல்லை" என்று எதிர்மறையிலும் சொல்லலாம். பின்னது ஒன்பதாம் பாடத்துச் சொல்லை அப்படியே கொண்டுவந்து வைத்தது போன்றது: "ஸென்ஸென் வகரிமஸென்."

மிகுதியைச் சொல்லும் சொற்களுக்குத்தான் ஆயுள் குறைவு. ஒவ்வொருவரும் தன் உணர்ச்சி மற்றவருடையதை விடப் பெரிது என்று காட்ட விரும்புவதால், பழைய சொல் தேய்ந்து புதிய சொல் தேவைப்படுகிறது. தொல்காப்பியர் உறு, தவ, நனி என்ற மூன்றையும் மிகுதிச் சொற்களாக வகுத்தார். நன்னூல் அதை ஆறாக்கி, சால, கூர், கழி என்பவற்றையும் சேர்த்தது. நல்லூர் ஆறுமுக நாவலர் அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதி ஊருக்கெல்லாம் கொண்டுபோனார். இன்றைக்கு நல்லூர்ச் சந்தையில் "நனி நல்ல மாம்பழம்" என்று யாரும் கூவுவதில்லை. "வலு கெட்டிக்காரன்", "சரியான உறைப்பு", "கடும் வெயில்", "பயங்கர வடிவு" என்று புதியவை வந்து இடத்தைப் பிடித்துவிட்டன. யப்பானியத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன், "கெஞ்சிக் கதை" எழுதப்பட்ட காலத்தில், மிகுதிக்கு "இத்தோ" என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அது இன்று பேச்சிலிருந்து போய்விட்டது. இப்போதைய இளையவர் நாவில் இருப்பது "சுகோக்கு". அதன் வேர்ச்சொல்லுக்கு முன்பு உடல் சில்லிட வைக்கும் அச்சம் என்று பொருள். நம் "பயங்கர"வுக்கும் இதற்கும் ஒரே கதை. யேர்மன் மொழியில் மிகவும் என்று பொருள்படும் "ஸேர்" ஒரு காலத்தில் நோவைக் குறித்த சொல். அச்சமும் நோவும் மனிதரை உலுக்குவதால், உலுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் அவற்றையே எடுத்து வருகிறோம். எடுத்து எடுத்து அவை மழுங்கிப்போகின்றன.

அளவு என்றால் அளவு மட்டும்தானா? இல்லை. சொல்பவர் முன்பு என்ன எதிர்பார்த்தார் என்பதும் உள்ளே ஒளிந்திருக்கும். ஒருவர் வீட்டில் விருந்துண்டு "கெக்கோ ருசி" என்று யப்பானியத்தில் பாராட்டினால் வீட்டுக்காரரின் முகம் சுருங்கக்கூடும். "நான் நினைத்ததை விடப் பரவாயில்லை" என்ற அர்த்தம் அதில் கசிகிறது. முன்பு பார்த்த "நக்கநக்க" உடன்பாட்டில் வந்தால் அதுவும் அப்படியே. ஆசிரியரிடம் போய் "நீங்கள் நக்கநக்க நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றால், மேலிருந்து மதிப்பெண் போட்டது போலாகிவிடும். வத்தனபெ மினொரு என்ற யப்பானிய இலக்கண அறிஞர் 1990இல் அளவு வினையடைகளை நான்கு குடும்பங்களாகப் பிரித்துக் காட்டினார். இரண்டு பொருளை ஒப்பிடுகிறதா, சொல்பவரின் மதிப்பீடு கலந்திருக்கிறதா என்ற கேள்விகள்தான் அவருடைய அளவுகோல்.

முதல் கேள்விதான் தமிழ் மாணவருக்கு உண்மையான பொறி. "யாழ்ப்பாணத்தை விடக் கொழும்பு சரியான பெரிசு" என்று நாம் சொல்லிவிடுவோம். அதே போல "விட" வரும் இடத்தில் "தொத்தெமோ"வைப் போட்டால் யப்பானியரின் காது மறுத்துவிடும். ஒப்பீட்டுக்கு என்று அவர்கள் ஒதுக்கிய சொல் "ஸுத்தோ". இதற்கும் நம்மிடம் ஒரு கைப்பிடி இருக்கிறது. "அதை விட இது எவ்வளவோ நல்லது" என்கிறோமே, அந்த "எவ்வளவோ"தான் "ஸுத்தோ". தன் மொழியில் சரியான சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற மொழியின் சொல் தானாக வந்து பொருந்தும்.

சில நேரம் வினையடை வினையையே விழுங்கிவிடும். "சனிக்கிழமை வரமுடியுமா?" என்று கேட்டால் யப்பானியர் "சனிக்கிழமை ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்திவிடுவார். "ச்சொத்தோ" என்றால் கொஞ்சம். கொஞ்சம் என்ன? சொல்வதில்லை. வரமுடியாது என்பது இருவருக்கும் விளங்கிவிட்டது. அதே சொல் வேண்டுகோளிலும் வரும்: "ச்சொத்தோ மத்தே குதஸை." கொஞ்சம் பொறுங்கோ. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை இந்தக் "கொஞ்சம்" அளப்பதில்லை. கேட்பவர் கொடுக்க வேண்டிய சிரமத்தைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. "ஒருக்கா இதைப் பிடியுங்கோ" என்னும்போது நாமும் தடவையை எண்ணுவதில்லையே.

ஏணியில் "தொக்கிதொக்கி" என்ற படியைப் பற்றி இன்னும் பேச மிச்சமிருக்கிறது, அதன் ஓசைக்காக விட்டு வைத்தேன். "தொக்கி" என்றால் நேரம். இரண்டு நேரம் அடுக்கினால் இடைக்கிடை. ஆனால் இரண்டாவது "தொக்கி"யின் முதல் ஒலி மாறிவிடுகிறது. "தந்தை" என்ற சொல்லில் முதல் த வல்லோசை, இரண்டாவது த ந்-ஐத் தொட்டு மெல்ல அதிரும். அந்த அதிரும் த போலத்தான் இரண்டாவது "தொக்கி" ஒலிக்கும். நமக்கு ஒரே எழுத்துப் போதும், எந்த இடத்தில் எந்த ஓசை என்று வாய்க்குத் தெரியும். யப்பானியர் அதே எழுத்தின் மேல் மூலையில் இரண்டு சிறு கீறல் போட்டு அதிர்வைக் காட்டுவார்கள்.

வியப்பு அடுத்த சொல்லில் இருக்கிறது. அடிக்கடி என்ற பொருளில் "ஷிபஷிப", "தபிதபி" என்று இரண்டு சொல் உண்டு. இவையும் இரட்டித்தவைதான். ஆனால் இரண்டாம் பாதி மாறவே மாறாது. ஏன்? "ஷிப", "தபி" இரண்டிலும் உள்ள ப, "அம்பு" என்பதில் வருவது போன்ற அதிரும் ப. ஒரு சொல்லுக்குள் ஏற்கெனவே ஓர் அதிரும் வல்லினம் இருந்தால் இன்னொன்றை ஏற்க மொழி மறுக்கிறது. ஒரு சொல்லுக்கு ஓர் அதிர்வு என்ற பங்கீட்டுக் கணக்கு. இந்தக் கணக்கு தடுக்காத இடத்திலும் சில சொற்கள் மாறாமல் நின்றுவிடுவதும் உண்டு, ஆனால் கணக்கை மீறுவது மிக அருமை. பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞர் மொத்தோரி நொரினகா இதை முன்பே கவனித்திருந்தாலும், விதி இன்று லைமன் விதி என்றே அறியப்படுகிறது. பெஞ்சமின் ஸ்மித் லைமன் அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர். 1870இல் பஞ்சாபில் எண்ணெய் தேடியவர், பிறகு யப்பானில் ஹொக்கைதோவின் நிலக்கரிப் படுகைகளை அளந்தவர். மண்ணைத் தோண்டப் போனவர் மொழிக்குள்ளும் ஒரு படிவத்தைக் கண்டு 1894இல் வெளியிட்டார்.

இரட்டிக்கும் சொற்களில் இன்னொரு சாதி உண்டு. "ச்சிகுச்சிகு" என்றால் ஊசி குத்துவது போன்ற நோ. இங்கே அதிர்வு எதுவும் தடுக்கவில்லை, இருந்தும் இரண்டாம் பாதி மாறாது. இது ஓசைக் குறிப்பு, நம் இலக்கணம் இரட்டைக்கிளவி என்று வகுத்த இனம். பிரித்தால் பொருள் தராதது, அதனால் உள்ளதை உள்ளபடி படியெடுக்கிறது. யப்பானியக் காது ஒரு நொடியில் இரண்டையும் பிரித்துவிடும்: இரண்டாம் பாதி மாறிவிட்டால் அது நேரம், மக்கள், நாடு போன்ற பெயர்ச்சொல்லின் அடுக்கு. நோவையும் மினுக்கத்தையும் சொல்லும் ஓசைச்சொல் அப்படி மாறுவதில்லை.

யப்பானியப் பராமரிப்பு இல்லத்தில் ஒரு மூதாட்டி தன் முழங்காலைப் பற்றிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "தொக்கிதொக்கி ச்சிகுச்சிகு தோ இதமிமஸ்." இதைக் கேட்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஆங்கிலத்தை நாட வேண்டியதில்லை. தொக்கிதொக்கி, இடைக்கிடை. ச்சிகுச்சிகு, சுருக்கு சுருக்கு. தோ, எண்டு. இதமிமஸ், நோகுது. "இடைக்கிடை சுருக்கு சுருக்கெண்டு நோகுது." ஒரு சொல்லையும் இடம் மாற்றாமல் வாக்கியம் முழுவதும் வந்துவிட்டது. ஓசைச்சொல்லை வினையோடு கட்டும் "என்று" கூட, பிறர் பேச்சை எடுத்துச் சொல்லும் அதே ஒட்டாக இரண்டு மொழியிலும் இருக்கிறது. நோ பேசுகிறது போலவும், நாம் அது சொன்னதை மேற்கோள் காட்டுவது போலவும். இனிப் பிள்ளை கேட்க வேண்டியது அடுத்த கேள்வி மட்டும்: இரவில் "யொக்கு" நித்திரை கொள்கிறீர்களா, "அமரி" இல்லையா?